அண்ணன் பெயரில் பதினாறு வருஷம்

1

இந்த வருஷம் மே மாதத்தோடு நான் மலாயாவுக்கு வந்து பதினாறு வருஷம் முடிந்தது. நான் கப்பல் இறங்கிய தேதியில் என் மனைவி சலோமி வருஷம் தவறாமல் பாயசம் வைப்பாள். இந்த வருஷமும் வைத்தாள். அந்தக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்க முடியாமல் நான் உட்கார்ந்திருந்த காரணத்தைத்தான் திருச்சியில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களில் சிலருக்கு எங்கள் குடும்பத்தைத் தெரிந்திருக்கும். புத்தூரில் ஞானமுத்து வாத்தியார் வீடு என்றால் வயதானவர்கள் சொல்லுவார்கள். வாத்தியாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் அருளானந்தம், இளையவன் ஆசீர்வாதம். கிள்ளான் பட்டணத்துக்கு ஏழு மைல் உள்ளே இருக்கிற இந்த ரப்பர் தோட்டத்தில் என்னை எல்லாரும் அருளானந்தம் என்றுதான் அழைக்கிறார்கள். என் மனைவிக்கும் நான் அருளானந்தம்தான்.

நான் இளையவன்.

எனக்கு இங்கே கிராணி வேலை. தோட்டத்துக் குமாஸ்தாவை இந்தச் சீமையில் அப்படிச் சொல்லுவார்கள். விடியற்காலையில் பால் வெட்டும் ஆட்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். நான் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராக உரக்க வாசிக்க வேண்டும். பெயருக்கு உரியவர் 'இருக்கேன்' என்று குரல் கொடுப்பார். போன வருஷம் ஒரு பெண், காய்ச்சலில் கிடந்த தன் தங்கையின் பெயரை நான் வாசித்தபோது தானே 'இருக்கேன்' என்று சொல்லி மாட்டிக்கொண்டாள். அப்படிச் செய்கிறவர்களை அன்றைக்கு வேலைக்கு எடுக்கக்கூடாது என்பது விதி. அவளை நான்தான் திருப்பி அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த பெயரை வாசித்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கிள்ளானில் ஒரு தமிழ் வாத்தியார் வீட்டில் எங்களுக்கு வேதபாட வகுப்பு. எட்டு ஒன்பது குடும்பம் கூடுவோம். வாராவாரம் ஒருவர் ஓர் அதிகாரத்தை எடுத்து, அதில் வருகிற ஒரு மனிதனைப் பற்றிப் பேச வேண்டும். பிரசங்கம் கூடாது. அந்த மனிதனிடம் நம் சொந்த வாழ்க்கைக்கு என்ன கற்றுக்கொண்டோம் என்று சொன்னால் போதும். நான் தானியேலைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நெகேமியாவைப் பற்றிப் பேசியிருக்கிறேன். என் பக்கமே திரும்பிப் பார்க்காத ஆட்களாகத் தேர்ந்தெடுத்துக்கொள்வேன். இந்த வருஷம் வாத்தியார் முறையை மாற்றிவிட்டார். ஆதியாகமத்தை முதலிலிருந்து வரிசையாக வாசிப்பது, யாருடைய முறைக்கு எது வருகிறதோ அதைத்தான் அவர் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். என் முறைக்கு முப்பத்திரண்டாம் அதிகாரம் வந்தது. தாய் சொல்லிக்கொடுத்தபடி அண்ணன் ஏசாவின் உடையைப் போட்டுக்கொண்டு, கண் தெரியாத தகப்பனிடம் அவனுக்குரிய ஆசியை வாங்கிவிட்டு ஓடிப்போன யாக்கோபு, இருபது வருஷம் கழித்து அந்த அண்ணனைப் பார்க்கத் திரும்பி வருகிற இடம்.

அதே வாரத்தில் தலைமை ஆபீஸிலிருந்து தபால் வந்தது. பெரிய கிராணி ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு என்னைப் போட எண்ணம், ஆகையால் என் ஸ்கூல் பைனல் சர்டிபிகேட்டைப் பற்றி விசாரிக்கத் திருச்சியில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு நேராக எழுதப்போகிறார்கள். தோட்டத்தை நடத்துகிற துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்கு வந்தால் பாயசம் காத்திருந்தது.

2

பதினாறு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் ஸ்கூல் பைனல் பாஸ் செய்திருந்தார். நான் அதில் தேறவில்லை. எங்கள் சபையில் ஒருவருடைய சிபாரிசில், மலாயாத் தோட்டம் ஒன்றில் அண்ணனுக்கு வேலை கேட்டு எழுதியிருந்தார்கள். வேலைக்கான உத்தரவு வந்தபோது அண்ணன் டைபாய்டு ஜுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா அவர் கூடவே இருந்தார்கள். தபால்காரர் உத்தரவை வீட்டில் இருந்த என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இன்ன நாளில் நாகப்பட்டினத்தில் கப்பல், தவறினால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று அதில் இருந்தது.

இரண்டு நாள் அதை யாரிடமும் காட்டவில்லை. அண்ணனால் போக முடியாது என்பது நிச்சயம். வீணாகப் போகிற இடம்தானே, நான் போய் உட்கார்ந்துகொண்டால் என்ன, பிறகு சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் அண்ணனுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டேன். அவருடைய கோட்டையும் எடுத்துக்கொண்டேன். யாக்கோபுக்காவது சொல்லிக்கொடுக்க ஒரு தாய் இருந்தாள். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாம் நானே யோசித்துச் செய்தது.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் தலை நிமிராமல் கேட்டார், "பேர் என்ன?"

"அருளானந்தம்."

அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். பதினாறு வருஷத்துக்கு அந்த ஒரு பதில் போதுமானதாக இருந்தது.

'அண்ணன் பேரில் போகிறேன், மன்னித்துவிடுங்கள்' என்று அங்கேயிருந்து ஒரு கார்டு போட்டேன். நாலு மாதம் கழித்து அண்ணனிடமிருந்து பதில் வந்தது. 'உடம்பு தேறிவிட்டது. அம்மா சௌக்கியம். ஜாக்கிரதையாக இரு.' மேல்விலாசத்தில் தன் பெயரையே எழுதி எனக்கு அனுப்பியிருந்தார். அதன்பின் வருஷத்துக்கு ஒரு கார்டு. எல்லாம் அப்படித்தான். அம்மா ஒரு வரிகூட எழுதியதில்லை. எட்டு வருஷத்துக்கு முன் அம்மா இறந்துபோன செய்தியும் அண்ணனுடைய கார்டில்தான் வந்தது. நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன். லீவு கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை.

3

என் மகள் கிரேஸுக்குப் பத்து வயது. கிள்ளானில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தோழிகளோடு மலாய் பேசுகிறாள், டீச்சரோடு இங்கிலீஷ் பேசுகிறாள், எங்களோடு மூன்றையும் கலந்து பேசுகிறாள். நான் அந்த வெள்ளிக்கிழமைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, தமிழ் வாசிக்கப் பழகட்டும் என்று அவளையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். யாக்கோபு சொப்பனத்தில் கண்டது வானத்தை எட்டுகிற ஆணி என்று வாசித்தாள். ஏணி என்று திருத்தினேன். "தமிழ் ரொம்ப சூசா அப்பா" என்று சலித்துக்கொண்டாள். சூசா என்றால் மலாயில் கஷ்டம்.

முப்பத்திரண்டாம் அதிகாரத்தை நான் கதையாகவே சொன்னேன். அண்ணன் நானூறு பேரோடு எதிரே வருகிறான் என்று கேட்டு யாக்கோபு பயந்துபோனதையும், ஆடு மாடு ஒட்டகம் என்று மந்தை மந்தையாகக் காணிக்கையை முன்னால் அனுப்பியதையும், ஆற்றங்கரையில் தனியாக நின்று ஒருவரோடு போராடியதையும் சொன்னேன். அந்த ஒருவர் யாக்கோபிடம் பெயர் என்ன என்று கேட்டார் என்றேன்.

"அவர் கடவுள்தானே?"

"ஆமா."

"கடவுளுக்கு அவன் பேர் தெரியாதா? ஏன் கேக்கறாரு?"

அவளே யோசித்துவிட்டுச் சொன்னாள்: "முன்னாடி அவங்க அப்பா யாருன்னு கேட்டப்ப பொய் சொன்னான்ல, ஏசான்னு? அதான் திரும்பக் கேக்கறாரு போல. இப்பவாவது சரியாச் சொல்றானான்னு."

சொல்லிவிட்டு எழுந்து விளையாடப் போய்விட்டாள். நான் இருபது வருஷமாக வாசிக்கிற அதிகாரம் அது. தகப்பன் கேட்டபோது அண்ணன் பெயரைச் சொன்னவனிடம் மறுபடியும் பெயர் கேட்கப்படுகிறது என்பதை ஒரு தரமும் நான் கவனித்ததில்லை. கண் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் நான் பெயரைப் பற்றி வாய் திறக்கவில்லை. யாக்கோபின் ஜெபத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். "ரொம்ப நல்லாச் சொன்னீங்க அருள்" என்றார் வாத்தியார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரமே லீவுக்கு எழுதினேன். அம்மாவின் கல்லறையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சலோமியிடம் சொன்னேன். என் எண்ணம் வேறு. தலைமை ஆபீஸின் கடிதம் பள்ளிக்கூடத்துக்குப் போனால் உண்மை வெளியே வந்துவிடும். அதற்குள் அண்ணனைப் பார்த்து, இன்னும் ஒரே ஒரு தரம் எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கும்படி காலில் விழுந்து கேட்க வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

பினாங்கில் கைக்கடிகாரம், பட்டுத்துணி, பிஸ்கட் டின்கள், குடைகள் என்று இரண்டு பெட்டி நிறைய வாங்கினேன். நாகப்பட்டினத்தில் இறங்கியதும் பெட்டிகளை ரயிலில் புத்தூருக்கு முன்னதாக அனுப்பிவிட்டு, நான் ஒருநாள் சத்திரத்தில் தங்கிப் பின்னால் போனேன். யாக்கோபும் இதைத்தான் செய்தான் என்பது பெட்டிகளை அனுப்பிய பிறகே உறைத்தது. ஆசையால் கொடுக்கிறவன் சாமானோடு தானும் கூடப் போவான். பயந்தவன்தான் சாமானை முன்னால் விடுவான்.

4

திருச்சி ஜங்ஷனில் இறங்கியபோது காலை ஒன்பது மணி. அண்ணன் ஸ்ரீரங்கத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் அச்சுக் கோக்கிற வேலை செய்கிறார் என்று கார்டுகளிலிருந்து தெரியும். புத்தூர் வீட்டுக்குப் போக எனக்குத் துணிச்சல் இல்லை. நேராக பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். ஜூலை மாதம். பாலத்துக்குக் கீழே புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் எல்லாரும் தண்ணீர் வந்துவிட்டதைப் பற்றியே சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் கை விரல்களை நெரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அச்சுக்கூடம் சித்திரை வீதியில் ஒரு பழைய வீட்டின் முன்கட்டு. வாசலை ஒட்டிய மேஜையில் முதலாளி ராகவாச்சாரியார் உட்கார்ந்து ஏதோ திருத்திக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. பின்னால் உள்கட்டில் நாலைந்து பேர் அச்செழுத்துப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றார்கள். ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர் அண்ணன். தலை பாதி நரைத்திருந்தது. தோளைக் கொண்டு அடையாளம் தெரிந்தது.

"வாங்கோ, உக்காருங்கோ. யாரைப் பாக்கணும்?" என்றார் ஆச்சாரியார்.

"அருளானந்தத்தைப் பாக்கணுங்க. நான் அவர் தம்பி. மலாயாவுலேர்ந்து வரேன்."

"அடடே! தம்பி ஒருத்தர் உண்டுன்னு சொல்லியிருக்கார். பேரு?"

என்னால் சொல்ல முடியவில்லை. பதினாறு வருஷமாக அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் சொல்லி வந்த பதில் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் பத்தடி தூரத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருக்கிறார். ஆச்சாரியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மறந்துவிட்டவனைப் போல நின்றேன்.

"ஆசீர்வாதம்" என்றேன்.

வேறொருவரைப் பற்றிச் சொல்வது போலத்தான் என் காதில் விழுந்தது. உள்ளே அண்ணனுடைய கை நின்றது. திரும்பிப் பார்த்தார். ஏசா ஓடி வந்தான், கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான் என்று முப்பத்துமூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. அண்ணன் ஓடி வரவில்லை.

"வந்துட்டியா. உக்காரு. இந்தப் பக்கத்த முடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆச்சாரியாருக்குப் பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷம். அண்ணன் பக்கம் கையைக் காட்டிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பஞ்சாங்கமாகட்டும், ப்ரபந்த வ்யாக்யானமாகட்டும், இவர் கோத்தா ஒரு எழுத்து பிசகாது. வேற மதம்தான், ஆனா எங்க பாசுரத்துல தப்பு இருந்தா அவர்தான் வந்து காட்டுவார். இவரோட ஞானத்துக்கு இங்க நிக்க வேண்டியவரே இல்ல. என் சம்பந்தி ஒரு ஸ்கூல்ல கமிட்டியில இருக்கார். ஆபீஸ் குமாஸ்தா வேலை ரெண்டு தரம் காலியாச்சு. ரெண்டு தரமும் நானே போய்ச் சொன்னேன். சர்டிபிகேட் கொண்டாரச் சொல்லுங்கோன்னா. இவர் என்னடான்னா, எங்கிட்ட இல்லைங்கறார். நகல் வாங்கிக்கலாமே, ஒரு மனு எழுதிப் போட்டா ஆச்சேன்னேன். வேண்டாம்னுட்டார். ஏன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல. உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாதுங்க" என்றேன். பெயரைச் சரியாகச் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து முதலாளியிடம் மத்தியானம்வரை லீவு கேட்டார். இரண்டு பேரும் தெற்கே நடந்து அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போனோம். குளிக்கிறவர்கள் கூட்டம். ஓரமாக மேல்படியில் உட்கார்ந்தோம். அண்ணனுடைய விரல் நுனிகள் கழுவியும் கறுப்பாகவே இருந்தன.

அவர்தான் ஆரம்பித்தார். "போன வாரம் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூப்பிட்டு விட்டிருந்தாங்க."

நான் வந்து சேருவதற்குள் கடிதம் வந்துவிட்டது.

"இப்ப இருக்கற ஹெட்மாஸ்டர் என்கூடப் படிச்சவரு. மலாயாவுலேர்ந்து லெட்டர் வந்திருக்கு, இந்தப் பேர்ல, இந்த வருஷத்துல ஒருத்தர் பாஸ் பண்ணினது உண்டான்னு கேட்டிருக்காங்க, நீ இங்க இருக்கியே, என்ன எழுதட்டும்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணே?"

"பாஸ் பண்ணினது நெஜந்தானே, அத மட்டும் எழுதுங்கன்னேன். எழுதிப் போட்டுட்டாரு. உன் வேலைக்கு ஒண்ணும் வராது."

நான் எதைக் கேட்க ஆறு நாள் கடலில் வந்தேனோ, அதை நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் கொடுத்து முடித்திருந்தார். என் மனதில் முதலில் வந்தது வெட்கம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. முதலில் வந்தது நிம்மதி. மூச்சு தாராளமாக வந்தது. அதன் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அண்ணே, என்மேல கோவம் இல்லையா?"

"இருக்கு" என்றார். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "காலையில பாலத்துல நடந்து வரும்போது இருக்கும். கையில எழுத்து எடுத்தா மறந்துடும். சாயங்காலம் திரும்பி நடக்கறப்ப மறுபடி வந்துடும். பதினாறு வருஷமா அப்படித்தான்."

"நகல் வாங்கியிருக்கலாமே."

"அசல் எங்கன்னு கேப்பாங்க. தொலைஞ்சு போச்சுன்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும். தொலையலையே, உன்கிட்டதானே இருக்கு. பொய்ச்சத்தியம் பண்ண எனக்கு மனசு வரல. நெஜத்தச் சொன்னா உன்னப் புடிச்சிக்கிட்டு வந்துடுவாங்க. அப்புறம் அம்மா என்ன ஆவாங்க?"

நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். "அம்மா எனக்கு ஒரு வரிகூட எழுதலையே அண்ணே. அவ்வளவு கோவமா?"

அண்ணன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதுவாங்க. எல்லாக் கிறிஸ்மஸுக்கும் எழுதுவாங்க. கவரை என்கிட்ட குடுத்து, மேல என்ன பேர் போடப்போறன்னு கேப்பாங்க. என் பேரைத்தான் போடணும்னு சொல்லுவேன். உடனே வாங்கிக் கிழிச்சுப் போட்டுடுவாங்க. பெத்த பிள்ளைக்கு நான் ஏன் வேற பேர்ல எழுதணும்னு கேப்பாங்க."

படித்துறையில் எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் அழுதேன். அண்ணன் என்னைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. முடிகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஊருக்குப் போனதும் எல்லாத்தையும் சரி பண்ணிடுறேன் அண்ணே."

"சொல்லாத" என்றார். "செய்யறதா இருந்தா செய். எழுந்திரு. ரெண்டு பெட்டி வந்து கெடக்கு. பிள்ளைங்க பிரிக்கணும்னு பறக்குதுங்க. உங்க சித்தப்பா வந்து அவர் கையால குடுப்பாருன்னு சொல்லி வச்சிருக்கேன்."

5

நாலு நாள் புத்தூரில் இருந்தேன். அண்ணியும் இரண்டு பெண் குழந்தைகளும் என்னைக் கவனித்துக்கொண்ட விதத்தை எழுதினால் எனக்குக் கை ஓடாது. அம்மாவின் கல்லறைக்கு அண்ணனோடு போய் வந்தேன். ஆகஸ்டில் தோட்டத்துக்குத் திரும்பியபோது பள்ளிக்கூடத்தின் பதில் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. பெரிய கிராணி வேலைக்கான உத்தரவு டைப் அடித்துத் தயாராக இருந்தது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார் துரை.

படித்துறையில் கொடுத்த வாக்கு கப்பலிலேயே தளர ஆரம்பித்துவிட்டது. அண்ணனே மூடிக் கொடுத்ததை நான் ஏன் திறக்க வேண்டும்? சலோமிக்கும் கிரேஸுக்கும் அல்லவா கஷ்டம்? நியாயங்கள் வரிசையில் வந்து நின்றன. கப்பலின் மேல்தட்டில் முப்பத்துமூன்றாம் அதிகாரத்தை மறுபடி படித்தேன். அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுததோடு எல்லாரும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். நானும் மூடிவிடுவேன். அன்றைக்கு மேலே படித்தேன். வா, சேர்ந்து போகலாம் என்று ஏசா அழைக்கிறான். குழந்தைகள் இளசு, ஆடுகள் பால் கொடுக்கிறவை, மெதுவாகத்தான் நடக்கும், நீ முன்னே போ, நான் பின்னால் உன் ஊரான சேயீருக்கு வந்துவிடுகிறேன் என்கிறான் யாக்கோபு. அண்ணன் போகிறான். இவன் சேயீருக்குப் போகவில்லை. சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொள்கிறான்.

ஆற்றங்கரைப் போராட்டத்தில் சுளுக்கிய தொடையோடும், அங்கே கிடைத்த புதுப்பெயரோடும், அண்ணனுடைய கண்ணீர் கழுத்தில் காய்வதற்கு முன்னால், குழந்தைகளைச் சாக்காகச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்புகிறான். சாக்கு என்னவோ உண்மைதான். குழந்தைகள் இளசுதான். என் சாக்கும் உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கிரேஸ் ஓய்வுநாள் பள்ளியில் இருந்த நேரத்தில், கோயிலுக்கு வெளியே பெஞ்சில் சலோமியை உட்காரவைத்துச் சொன்னேன். சாக்கு இல்லாமல், கண்ணீர் இல்லாமல், வரிசையாகச் சொன்னேன். அவள் தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவள். திருச்சியைப் பார்த்ததில்லை. நான் சொன்னதுதான் அவளுக்குத் திருச்சி.

அவள் கேட்டாள்: "அத்தை கல்லறையப் பாக்கப் போறேன்னு சொன்னது?"

"பாத்தேன். ஆனா போனது அதுக்கில்ல."

"இந்தக் கோயில்லதான் நமக்குக் கல்யாணம் ஆச்சு. அருளானந்தமாகிய நான்னு சத்தமாச் சொன்னீங்க. நான் கேட்டேன். யாரு சொன்னது அது?"

அன்றிலிருந்து தேவைக்கு மேல் ஒரு வார்த்தை அவள் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு வரும், துணி மடித்து வைத்திருக்கும். பேச்சு மட்டும் இல்லை.

6

திங்கட்கிழமை துரையின் மேஜையில் உத்தரவைக் கையெழுத்தில்லாமல் வைத்துவிட்டுச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. என் இங்கிலீஷில்தான் தப்பு என்று நினைத்து மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார், "அப்படியானால் உன் பெயர் என்ன?"

சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டபோது கேட்டபடி எழுதினார், எழுத்தெல்லாம் தப்பு. நான் திருத்திக் கொடுத்தேன்.

போலீஸுக்குப் போகவில்லை. பதினாறு வருஷம் வேறு குறை இல்லாமல் வேலை செய்தவன் என்பதற்காக விட்டார்கள். வேலை போயிற்று. ஒரு மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். தங்கையின் பெயருக்கு 'இருக்கேன்' சொன்னதற்காக நான் திருப்பி அனுப்பிய அந்தப் பெண், நாங்கள் சாமான் ஏற்றும்போது வந்து கிரேஸின் கையில் நாலு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் போய்விட்டாள். இப்போது கிள்ளானில் ஒரு சீன வியாபாரியின் கிடங்கில் ரப்பர் நிறுக்கிற வேலை. அவருக்கு என் பெயர் எதுவாக இருந்தாலும் அக்கறை இல்லை.

கிரேஸிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "என் இனிஷியல் மாறுமா?" ஒரு தாளில் இரண்டு பெயரையும் எழுதிப் பார்த்தாள். "இங்கிலீஷ்ல மாறல. தமிழ்ல மட்டும் ஒரு சுழி ஜாஸ்தி." அந்தச் சுழியை நன்றாகப் போட நாலைந்து தரம் எழுதிப் பழகினாள். அவளாகத் தமிழ் எழுதி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சர்டிபிகேட்டைப் பதிவுத் தபாலில் அண்ணனுக்கு அனுப்பினேன். நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு ஒரு வாக்குமூலமும் கூட வைத்தேன். சேர்ந்தது என்று மட்டும் பதில் வந்தது. நாற்பது வயதில் அது அவருக்கு இனி எதற்கு உதவும் என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு முகமும் இல்லை.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போனேன். முன்பு யாக்கோபைப் பற்றிப் பேசியது பொய்ப் பாடம், மறுபடி பேச அனுமதி வேண்டும் என்று கேட்டேன். பேசினேன். இரண்டு குடும்பம் அதன் பின் வருவதில்லை. வாத்தியார் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

போன மாதம் பாதிரியார் எங்களை ஆலய ஆபீஸுக்கு வரச் சொன்னார். கல்யாணப் பதிவில் என் பெயரைத் திருத்த மேலிடத்தில் அனுமதி வந்துவிட்டது. புத்தகத்தின் ஓரத்தில் சரியான பெயரை எழுதி, மனைவி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சலோமி போடாவிட்டால் அது அப்படியே கிடக்கும். வருவாளா என்றே எனக்குத் தெரியாது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, குடையோடு எனக்கு முன்னால் நடந்தாள்.

பாதிரியார் பெரிய புத்தகத்தைத் திறந்து வைத்தார். ஓரத்தில் 'ஆசீர்வாதம்' என்று எழுதினார். பேனாவை அவள் பக்கம் நீட்டிவிட்டு, முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்: "இந்த ஆள் யாருன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

சலோமி பேனாவை வாங்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையில் போட்டிருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"பதினோரு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம் ஐயா" என்றாள். "தெரிஞ்சுக்க ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆகுது."

பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மை காய்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வாங்க. கிரேஸுக்குப் பள்ளிக்கூடம் விடற நேரம்."